மாஞ்சோலை ரூட், ஆஸ்திரேலியா

கெய்ன்ஸ், குவீன்ஸ்லாந்து
2-9-2019

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

உங்கள் மகள் பரிபூரண சுகம். இதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. இனி வருகிற பக்கங்களில் முதலை, விஷ ஜெல்லி மீன், ஆளை உதைக்கிற பறவை, தொட்டால் மாதக்கணக்கில் எரிகிற செடி எல்லாம் வரிசையாக வரப்போகின்றன. அத்தைக்கு வாசித்துக் காட்டும்போது எங்கே வெட்ட வேண்டுமோ அங்கே வெட்டிக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் அத்தனை படம் அனுப்பினேன். கடல், காடு, சூரியோதயம். நீங்கள் போட்ட பதில் ஒரே வரி: "படம் சரி. ரோடு எப்படின்னு எழுது." அம்பாசமுத்திரத்திலிருந்து மாஞ்சோலைக்குக் காலமெல்லாம் பஸ் ஓட்டினவருக்கு வேறு என்ன கேட்கத் தோன்றும்! சரி, ரோட்டைப் பற்றியே எழுதுகிறேன். நடுநடுவே கடலும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கெய்ன்ஸிலிருந்து வடக்கே குக்டவுன் என்று ஓர் ஊர். உள்பக்கமாகப் போனால் நல்ல தார் ரோடு, 330 கிலோமீட்டர், மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். கடலோரமாகவும் ஒரு வழி இருக்கிறது. பாதித் தூரத்தில் தார் முடிந்துவிடும். அதற்குமேல் ஓடை, செம்மண், செங்குத்து. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இருந்தால்தான் உண்டு. வேலை இருக்கிறவன் உள்வழியே போவான். லீவு எடுத்தவன் கடலோரமாகப் போவான். நாங்கள் லீவு எடுத்தோம்.

வண்டி மூன்று. முதல் வண்டியில் எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா. வெள்ளைக்காரர், எழுபதைத் தாண்டியவர், கரும்பு ரயில் ஓட்டி ரிட்டையர் ஆனவர். இந்தப் பக்கம் கரும்பை வயலிலிருந்து ஆலைக்குக் கொண்டுபோக இரண்டடி அகலத் தண்டவாளத்தில் குட்டி ரயில் ஓடும். பள்ளிக்கூடப் பிள்ளை வரைந்தது போலிருக்கும், ஆனால் அது வந்தால் ஹைவேயில் எல்லாரும் நின்றுதான் ஆக வேண்டும். நடு வண்டியில் யாழ்ப்பாணத்து அண்ணனும் அக்காவும். கடைசியில் எங்கள் பழைய பஜேரோ, கியர் வண்டி. பின் சீட்டில் உங்கள் மகளோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற கோட்டயத்து நர்ஸம்மாவும் அவர் வீட்டுக்காரரும்.

கேம்பிங் என்றால் என்ன என்று அத்தை கேட்பார்கள். வீட்டில் இருக்கிற கட்டில், கரண்ட், கக்கூஸ் மூன்றையும் விட்டுவிட்டுப் போவது. அப்புறம் அந்த மூன்றுக்கும் பதிலாகக் கடையில் காசு கொடுத்துச் சாமான் வாங்கி வண்டியில் ஏற்றுவது. ஸ்வாக் என்று ஒன்று, கேன்வாஸ் உறைக்குள் தைத்த மெத்தை. எஸ்கி என்று ஒன்று, ஐஸ் பெட்டி. தலையில் கட்டுகிற டார்ச், மடக்கு நாற்காலி, கேஸ் அடுப்பு, தண்ணீர் கேன், இழுவைப் பட்டை, மண்வெட்டி. தாத்தா இவ்வளவும் ஏற்றிவிட்டு, உங்கள் மகள் கட்டிக்கொடுத்த புளியோதரைத் தூக்கைப் பார்த்து, "இவ்வளவு சாமானா?" என்றார்.

புறப்பட்டதும் ரோடு கடலை ஒட்டியே போகிறது. ஒரு பக்கம் மலை இறங்கி ரோட்டிலே காலை வைத்திருக்கிறது, மறுபக்கம் தண்ணீர். வளைவுக்கு வளைவு கைப்பிடிச் சுவர், கோடு, பலகை எல்லாம் உண்டு. உங்களுக்கு அரை மணி நேரத்தில் சலித்துவிடும். வழிநெடுகத் தென்னை. ஆனால், மாமா, ஊர்ப்பக்கத்துத் தென்னை எதிலும் காய் கிடையாது! மலட்டு மரமோ என்று நினைத்தேன். இல்லை. கவுன்சில்காரர்களே ஆள் வைத்துக் குலையை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். நடக்கிறவன் தலையில் விழுந்தால் கவுன்சில்மேல் கேஸ் போடுவானாம். தேங்காய் காய்க்கக் கூடாதென்று சம்பளம் கொடுத்து மரம் ஏற்றுகிற தேசத்தில் இருக்கிறேன். இதைத் தோப்புக்காரச் சித்தப்பாவிடம் சொல்ல வேண்டாம், அவர் மனசு தாங்காது.

டெயின்ட்ரீ ஆற்றில் பாலம் இல்லை. இரும்புக் கம்பிவடத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஒரு மிதவை அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வருகிறது. வண்டியோடு ஏறி, அக்கரையில் இறங்கினால் வேறு உலகம். ரோட்டின் இரண்டு பக்கமும் காடு கூரை போட்டுவிடுகிறது. செல்போன் கோடு ஒவ்வொன்றாக விழுந்து சிக்னல் செத்துவிடுகிறது. அதைவிட முக்கியம், ஆற்றுக்கு வடக்கே கரண்ட் லைனே கிடையாது. கடை, வீடு, லாட்ஜ் எல்லாம் சோலாரும் ஜெனரேட்டரும்தான். ஊத்து எஸ்டேட் வரைக்கும் கம்பி இழுத்த நம்ம மின்வாரியத்தை நினைத்துக்கொண்டேன்.

ரோட்டில் மஞ்சள் பலகை: கசோவரி நடமாட்டம், மெதுவாகப் போ. ஒரு வேகத்தடைப் பலகையில் யாரோ குறும்புக்காரர் கண்ணும் அலகும் காலும் வரைந்து, வேகத்தடையை அடிபட்டு மல்லாந்து கிடக்கிற பறவையாக்கிவிட்டார். மெதுவாகப் போகாவிட்டால் இதுதான் என்று அர்த்தம். அந்தப் பலகையைப் படம் எடுக்காதவர் கிடையாது. நிஜக் கசோவரியை நாங்கள் அதற்கப்புறம் பார்த்தோம். ஆள் உயரம், கன்னங்கரேலென்று இறகு, நீலக் கழுத்து, தலையில் கொம்பு போலக் கொண்டை, காலில் உள்விரலுக்கு நீளமான கத்திநகம். கோடு போட்ட குஞ்சுகள் இரண்டு பின்னால் வந்தன. ஓடக் கூடாது, முதுகைக் காட்டக் கூடாது, நடுவில் ஒரு பையையோ மரத்தையோ வைத்துக்கொண்டு மெதுவாகப் பின்வாங்க வேண்டும் என்று தாத்தா முணுமுணுத்தார். கூடவே, "அது அம்மா இல்லை, அப்பா" என்றார். பெண் முட்டையிட்டுவிட்டுத் தன் போக்கில் போய்விடுமாம். ஐம்பது நாள் அடைகாத்து, ஒன்பது மாதம் வரைக்கும் குஞ்சை மேய்த்துத் திரிவதெல்லாம் ஆண். இதைக் கேட்டதும் பெண்கள் மூன்று பேரும் பயத்தை மறந்து, அந்தப் பறவையை மரியாதையோடு பார்த்தார்கள். அப்புறம் எங்களைப் பார்த்தார்கள்.

அன்றைக்குத் தங்கல் கேப் டிரிபுலேஷனில். பெயர் வைத்தவர் கேப்டன் குக். 1770 ஜூன் 11 ராத்திரி அவருடைய எண்டெவர் கப்பல் இதற்கு வடகிழக்கே பவளப் பாறையில் ஏறி நின்றுவிட்டது. எல்லாத் தொந்தரவும் இங்கேதான் ஆரம்பித்தது என்று கோபத்தில் முனைக்குத் துன்பமுனை என்று வைத்துவிட்டார். அடுத்த வளைகுடாவுக்குக் களைப்பு, தூரத்துத் தீவுக்கு நம்பிக்கை என்று, வரைபடத்தைப் பார்த்தாலே மனுஷன் மனநிலை தெரியும். கப்பலை லேசாக்கப் பீரங்கி ஆறையும் கடலில் தள்ளினார்கள். உடைந்த பவளத்துண்டு ஒன்று ஓட்டையிலேயே மாட்டிக்கொண்டு பாதியை அடைத்தது. மீதிக்குக் கம்பளியும் கயிற்று நாரும் தைத்த பாயைக் கப்பலுக்கு அடியில் இழுத்துக் கட்டினார்கள். டீசல் டேங்க் ஒழுகினால் நீங்கள் சோப்பைப் பிசைந்து அப்பி டிப்போ வரைக்கும் கொண்டுவருவீர்களே, அதே வைத்தியம்தான். தண்ணீர் உள்ளே இழுத்தது, மெதுவாக.

கடற்கரையை எப்படிச் சொல்வது? காடு நேரே மணலில் வந்து முடிகிறது. மணல் முடிகிற இடத்தில் கடல், அதற்கு அப்பால் பவளத்திட்டு. 1981-இல் பவளத்திட்டையும் 1988-இல் காட்டையும் உலகச் சொத்து என்று யுனெஸ்கோ எழுதிவைத்தது. இரண்டும் தொட்டுக்கொள்கிற இடம் இது. தண்ணீர் பச்சையா நீலமா என்று தீர்மானிக்க முடியவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் ஒரு மனுஷன் இல்லை. கோட்டயத்துக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு ஓடினார். தாத்தா ஒரு விசில் அடித்தார். அப்போதுதான் எல்லாரும் பலகையைப் பார்த்தோம். முதலை. படம், இங்கிலீஷ் எழுத்து, அடியிலே ஜெர்மன் மொழியில் வேறு எச்சரிக்கை. ஆற்று முதலை இல்லை மாமா, உப்புத் தண்ணீர் முதலை. கடலில் நீந்தும், ஓடையில் ஏறும், சதுப்பில் படுக்கும். தோலுக்காக வேட்டையாடித் தீர்த்துவிட்டு, 1974-இல் இனிமேல் தொடக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். அதற்கப்புறம் அவை பெருகி, இப்போது நாம்தான் ஒதுங்கி நடக்க வேண்டியிருக்கிறது.

பக்கத்தில் இன்னொரு கம்பம். அதில் ஒரு பாட்டில் வினிகர் மாட்டியிருக்கிறது. யார் வீட்டுக் காடி இங்கே என்று உங்கள் மகள் கேட்டாள். நவம்பர் முதல் மே வரைக்கும் பெட்டி ஜெல்லி மீன் வரும். கொடுக்கு பட்டால் ஆளே போகலாம். ஒட்டிக்கொண்ட இழையில் இன்னும் வெடிக்காமல் மிச்சம் இருக்கிற விஷத்தை அடக்கத்தான் வினிகர். நாங்கள் போனது ஆகஸ்ட், ஜெல்லி மீனுக்கு லீவு. முதலைக்கு லீவே கிடையாது.

ஆக, இப்பேர்ப்பட்ட கடற்கரையில் நாங்கள் ஏழுபேர் தண்ணீருக்கு எட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கூடாரம் போடுவதென்றால் தண்ணீரிலிருந்து ஐம்பது மீட்டர். நடந்தால் கரையிலிருந்து ஐந்து மீட்டர். மீன் கழுவின தண்ணீரைக் கரையில் கொட்டாதே. தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் போய்த் தண்ணீர் மொள்ளாதே; அது பார்த்துவைத்துக்கொள்ளும். கடைசி விதியைக் கேட்டதும் யாழ்ப்பாணத்து அக்கா, "உது எங்கடை ஊர்ப் பொடியங்கள் செய்யிற வேலை எல்லோ" என்றார்.

குளிக்க வேண்டுமானால் மலையிலிருந்து வருகிற நன்னீர் ஓடை இருக்கிறது, ஒரு கடைக்குப் பின்னால். பளிங்குத் தண்ணீர், பாபநாசம் மாதிரி சில்லென்று இருந்தது. போகிற வழியில் இதய வடிவில் பெரிய பெரிய இலையோடு ஒரு செடி. தாத்தா கையைக் குறுக்கே நீட்டி எல்லாரையும் நிறுத்தினார். ஜிம்பி ஜிம்பி. இலையில் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி மயிர். தோலில் ஏறினால் எரிச்சல் மாதக்கணக்கில் வந்துவந்து போகுமாம். நம்ம ஊர்ச் செந்தட்டி இதன் கொழுந்தியாள் மகளாக இருக்கும். அடுத்து ஒரு கொடி, முள்கொக்கி போட்டுச் சட்டையைப் பிடித்துக்கொண்டது. நான் இழுக்க இழுக்க அது இறுக்கியது. இவர்கள் அதை வக்கீல் கொடி என்கிறார்கள், பிடித்தால் விடாதாம். உற்றுப் பார்த்தால், மாமா, அது பிரம்பு! எங்கள் கணக்கு வாத்தியார் மேஜைமேல் கிடந்த அதே ஜாதி. கடல் கடந்து வந்தும் விடவில்லை.

இலையைத் தைத்துக் கூடு கட்டுகிற முசுறு எறும்பும் அங்கே உண்டு. மாமரத்தில் ஏறினால் நம்மைப் பிடுங்குமே, அதே இனம்தான். இங்கே பின்புறம் மட்டும் பச்சை. தாத்தா ஒன்றைப் பிடித்து அதன் பின்புறத்தை நாக்கில் வைத்து நக்கிவிட்டுத் திரும்ப இலையிலே விட்டார். எங்களையும் நக்கச் சொன்னார். அண்ணன்தான் துணிந்தார். "தேசிக்காய்ப் புளி மாதிரிக் கிடக்கு" என்று இரண்டாவதைத் தேடினார்.

முகாம் வைத்திருந்தவரிடம் கீழே விழுந்து கிடந்த தேங்காயை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டோம். "தயவுசெய்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார். மண்வெட்டியை மண்ணில் நட்டு, அதன் அலகில் அண்ணன் உரித்த வேகத்தைப் பார்க்கப் பக்கத்துக் கூடாரத்து ஜெர்மன்காரர்கள் கூடிவிட்டார்கள். துருவல் இல்லை. அக்கா டம்ளர் விளிம்பால் சுரண்டி எடுத்துச் சம்பல் இடித்தார். தாத்தா சுட்ட சாசேஜ், உங்கள் மகளின் புளியோதரை, யாழ்ப்பாணச் சம்பல், கோட்டயத்து மீன் வறுவல். நான்கும் ஒரே தட்டில். அத்தை பார்த்திருந்தால் தட்டைப் பிடுங்கியிருப்பார்கள்.

ராத்திரி இரண்டு மணி இருக்கும். கூடாரத்துக்கு வெளியே ஒரு பெண் கதறுகிறாள். நீளமாக, மேலே ஏறி ஏறி, தொண்டை கிழிய. உங்கள் மகள் என் முழங்கையில் நகத்தை ஊன்றினாள். பக்கத்துக் கூடாரத்திலிருந்து நர்ஸம்மாவின் குரல்: "யட்சியாணு!" அவர் வீட்டுக்காரர் ஜெபம் சொல்ல ஆரம்பித்தார். மறுபடி கதறல், இப்போது இரண்டு பெண்கள். நான் தலை டார்ச்சைக் கட்டிக்கொண்டு ஜிப்பை ஓரங்குலம் திறந்து பார்த்தேன். நெட்டைக் கால், முட்டைக் கண், கோழி அளவு சாம்பல் பறவைகள் இரண்டு, எங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வானத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தன. நம்ம பொட்டல் காட்டில் ராத்திரி கத்துமே கண்கிளேடி, அதன் சொந்தக்காரப் பறவை. காலையில் தாத்தா, "ஓ, அதுவா? அது கத்தாவிட்டால்தான் எனக்குத் தூக்கம் வராது" என்றார்.

அதோடு விட்டதா? வெள்ளைவால் எலி என்று ஒன்று, பூனை அளவு, தேங்காயையே கடித்துத் துளைக்கிற பல். பிளாஸ்டிக் டப்பா அதற்கு அப்பளம். அத்தை அனுப்பிய பருப்புப் பொடி முழுக்கக் காலி. இட்லிப் பொடியை ஒரு வாய் தின்றுவிட்டு அப்படியே விட்டுப் போயிருக்கிறது. அத்தை போட்ட குண்டூர் மிளகாய் வீண்போகவில்லை.

இனி உங்கள் பாகம், மாமா. கேப் டிரிபுலேஷனைத் தாண்டினதும் தார் முடிந்தது. புளூம்ஃபீல்ட் டிராக் ஆரம்பம். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினோம். சில கிலோமீட்டரில் எம்மாஜன் ஓடை, பாலம் கிடையாது. ரோடு தண்ணீருக்குள் இறங்கி அந்தப் பக்கம் ஏறுகிறது. இந்த மாதிரி ரோட்டில் ஓட்ட எங்களுக்கு வகுப்பு எடுத்தவர்கள் சொன்ன முதல் பாடம், ஓடையில் வண்டியை இறக்குமுன் ஆள் இறங்கி நடந்து ஆழம் பார்க்க வேண்டும். ஓடைக் கரையில் நட்டிருந்த பலகை சொன்னது, முதலை உண்டு, தண்ணீரில் இறங்காதே.

இரண்டும் முறையான அறிவுரை. எதைக் கேட்பது? வயர்லெஸ்ஸில் அண்ணன், "தம்பி, நீங்கள் இளமையான ஆள், ஒருக்கா இறங்கிப் பாக்கிறியளோ?" என்றார். நான் பாட்டரி தீர்ந்த மாதிரி இருந்துவிட்டேன். தாத்தா இறங்கினார், பின் கதவைத் திறந்தார், அடுப்பைப் பற்றவைத்தார், பில்லியில் தண்ணீர் ஊற்றினார். பில்லி என்றால் கம்பிக் கைப்பிடி வைத்த டீச்சட்டி. "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டேன். "ஆழம் பார்க்கிறேன்" என்றார்.

டீ கொதித்தது. குடித்தோம். இரண்டாம் டீ கொதிக்கும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு லேண்ட்குரூசர் வந்தது. நிற்கவில்லை, யோசிக்கவில்லை, நேரே இறங்கி, சக்கரத்தின் பாதிக்குத் தண்ணீர் வர, ஒரே சீராக ஏறி வந்து கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டது. தாத்தா மிச்ச டீயைக் கீழே ஊற்றினார். "முழங்கால் ஆழம். இடதுபக்கம் ஒரு கல். போகலாம்."

அந்த இடத்தில்தான் உங்கள் மகள் என் கதவைத் திறந்து, "இறங்குங்க, நான் ஓட்டுறேன்" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. இடதுபக்கச் சீட்டில் இருந்துகொண்டு கல்லைப் பார்த்துச் சொல்கிற பொறுப்பான வேலையை ஏற்றுக்கொண்டேன். கியரை மாற்றாமல், ஆக்ஸிலேட்டரைக் கூட்டாமல் குறைக்காமல், முன்னால் எழும்புகிற அலைக்குப் பின்னாலேயே வண்டியை வைத்து ஏற்றினாள்.

அதற்கப்புறம் டோனவன் மலை, அதற்கப்புறம் கௌவி மலை. மூன்றடி போனால் ஓரடி ஏறுகிற செங்குத்து. மாஞ்சோலையில் கொண்டையூசி வளைவு இருக்கிறது, இங்கே அது அவ்வளவாக இல்லை. நெற்றிக்கு நேரே ஏற்றம், மூக்குக்கு நேரே இறக்கம். ஏறும்போது பானெட்டும் வானமும்தான் தெரியும். உச்சியில் வண்டி மூக்கைக் கவிழ்க்கிற வரைக்கும் அந்தப்பக்கம் ரோடு இருக்கிறதா என்றே தெரியாது. கவிழ்த்ததும், கீழே மரங்களுக்கு நடுவே நீலமாகக் கடல். கோட்டயத்துக்காரர் கண்ணை மூடிக்கொண்டதால் பார்க்கவில்லை.

இறக்கத்தில் முன்வண்டியின் பிரேக் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. லேசாகக் கருகல் வாடை. உங்கள் மகள் வயர்லெஸ்ஸை எடுத்து, "அண்ணா, காலை எடுங்க. பிரேக்ல நிக்காதீங்க. லோல போட்டு, எந்தக் கியர்ல ஏறினீங்களோ அதுலயே இறங்குங்க. வண்டி தானாப் பிடிக்கும். எங்கப்பா சொல்லிருக்காக" என்றாள். விளக்கு அணைந்தது. வண்டி உறுமிக்கொண்டே சீராக இறங்கியது. கீழே ஓடைப் பக்கம் நிறுத்தியபோது அண்ணன் இறங்கிவந்து, "தங்கச்சி, உங்கடை அப்பா எங்கை படிப்பிக்கிறவர்?" என்று கேட்டார். மணிமுத்தாறு செக்போஸ்ட்டுக்கு மேலே என்றாள்.

இந்த ரோட்டுக்கு ஒரு சண்டைக்கதை உண்டு. 1983 டிசம்பரில் ஷயர் கவுன்சில் புல்டோசரோடு காட்டைத் திறக்க வந்தபோது, ஊர் உலகத்துச் சூழல்காரர்கள் எல்லாம் குறுக்கே படுத்தார்கள். மரத்தில் ஏறிக்கொண்டார்கள், கழுத்துவரைக்கும் மண்ணில் புதைத்துக்கொண்டார்கள். 1984-இல் ரோடு போட்டுவிட்டார்கள். ஆனால் அந்தப் படங்கள் நாடு முழுக்கப் பரவினதில், காட்டைப் பற்றி அதுவரைக்கும் கவலைப்படாதவர்களும் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். உலகச் சொத்து அறிவிப்பு வந்ததில் அந்தச் சண்டைக்குப் பங்கு உண்டு. தாத்தாவுக்கு இதில் இரண்டு மனசு. "ரோடு போட்டது தப்பு. நல்ல ரோடு" என்றார். நாங்கள் அதே ரோட்டில் டீசல் புகை விட்டுக்கொண்டு போய்க் காட்டைப் புகழ்ந்தவர்கள், அதனால் பேசவில்லை.

புளூம்ஃபீல்ட் ஆற்றுக்குப் பாலம் வந்துவிட்டது. அதை ஒட்டி வூஜல் வூஜல் என்று பூர்வகுடிகளின் சிற்றூர். அருவி பார்த்தோம், முறைப்படி எட்டத்திலிருந்து. பிறகு ஹெலன்வேலில் லயன்ஸ் டென். 1875-இல் ஆரம்பித்த தகர மதுக்கடை, பின்புறம் கூடாரம் போட இடம். சுவர் முழுக்க வந்தவன் போனவன் எல்லாம் பேர் எழுதி வைத்திருக்கிறான். உங்கள் மகள் பேனா வாங்கி, நாற்காலியில் ஏறி, தமிழில் எழுதினாள்: அம்பாசமுத்திரம் – மாஞ்சோலை – ஊத்து. பேர் போடவில்லை. கடைக்காரம்மா அது என்ன என்று கேட்டதற்கு, "பஸ் போர்டு" என்றாள்.

குக்டவுனுக்கு முன்னால் கறுப்பு மலை. கார் அளவு, வீடு அளவுக் கருங்கற்களை லாரியில் கொண்டுவந்து கொட்டினது மாதிரி ஒரு மலை, நடுவில் ஒரு பிடி மண் இல்லை. நம்ம பக்கமாக இருந்தால் பாதி ஜல்லியாகியிருக்கும்.

குக்டவுன் சிறிய ஊர். ஓட்டைக் கப்பலை குக் இழுத்து வந்து சேர்த்த ஆற்றங்கரை இதுதான்; ஏழு வாரம் இருந்து பழுது பார்த்தார்கள். அன்றைக்குக் கடலில் தள்ளின பீரங்கிகளை 1969-இல் கண்டுபிடித்து எடுத்தார்கள். ஒன்று இங்கே மியூசியத்தில் இருக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்தது கரையில் நிற்கிற இன்னொரு பீரங்கி. 1885-இல் ரஷ்யாக்காரன் படையெடுத்து வருவான் என்று ஊர்க் கவுன்சிலுக்கு ஒரு பயம். ஆயுதமும், குண்டும், தேர்ந்த அதிகாரி ஒருவரும் அனுப்பச் சொல்லி பிரிஸ்பேனுக்குத் தந்தி அடித்தார்கள். வந்தது 1803-இல் வார்த்த பழைய பீரங்கி ஒன்று, குண்டு மூன்று, துப்பாக்கி இரண்டு, அதிகாரி ஒருவர். ரஷ்யாக்காரன் வரவில்லை, கேள்விப்பட்டுப் பயந்திருப்பான். உலகத்தில் எந்த ஆபீஸுக்கு எழுதிக் கேட்டாலும் இப்படித்தான் வரும் போல. நீங்கள் ஸ்பேர் டயர் கேட்டு டிப்போவுக்கு எழுதின கதை ஞாபகம் வந்தது.

இந்தப் பகுதிப் பூர்வகுடிகளான கூகு யிமிதிர் மக்கள் பேச்சில் இடது வலது சொல்லி வழிகாட்டுவது கிடையாதாம், எல்லாம் திசைதான். உன் காலுக்கு வடக்கே எறும்பு என்பார்களாம். மியூசியத்தில் இதைக் கேட்டு மற்றவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். நானும் உங்கள் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பந்தியில் அத்தை, "கொஞ்சம் தெக்க தள்ளி உக்காரு, சாம்பார் வாளி மேக்க இருந்து வருது" என்பார்களே! அத்தை இங்கே வந்தால் ஒரே நாளில் ஊர்க்காரியாகிவிடுவார்கள்.

திரும்பினது உள்வழித் தார் ரோட்டில். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எல்லாரும் தூங்கினார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற 2020 நடுவில் குக் கரையேறி 250 வருஷம் என்று குக்டவுனில் பெரிய விழா எடுக்கப்போகிறார்கள். நவம்பருக்கு மேல் மழை, ஓடை பெருகி ரோட்டை மூடிவிடுவார்கள், அந்தச் சமயம்தான் தோது. நீங்களும் அத்தையும் கட்டாயம் வர வேண்டும். தாத்தாவும் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார். பஸ்ஸில் ஆள் நிற்க நிற்க அந்த மலையில் ஏற்றினவர் என்று சொன்னதை அவர் இன்னும் முழுசாக நம்பவில்லை. லைசென்ஸைப் புதுப்பித்து, ஆர்.டி.ஓ. ஆபீஸில் இன்டர்நேஷனல் பெர்மிட் ஒன்று வாங்கிவிடுங்கள். ஒரு வருஷம்தான் செல்லும், ஆகவே அவசரப்பட்டு இப்போதே வாங்க வேண்டாம். டிக்கெட்டையும் பெர்மிட்டையும் மார்ச் வாக்கில் பார்த்துக்கொண்டால் சரியாக இருக்கும். வரும்போது கல்லிடைக்குறிச்சி அப்பளம் நாலு கட்டு. ஏர்போர்ட்டில் கேட்டால் மறைக்காமல் அப்பளம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். பருப்புப் பொடி தகர டப்பாவில் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு
அன்புள்ள மருமகன்